நிலாவுக்கு: லோனில் போன ஆட்டக்காரர்களை எப்படிக் கணக்கெடுப்பது

அன்புள்ள நிலா,

இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்பான பிரைட்டன் லோனில், அதாவது கொஞ்ச காலத்துக்கு வேறு கிளப்புக்கு இரவலாக, அனுப்பும் ஆட்டக்காரர்களைப் பற்றி நீ தயாரிக்கும் ப்ராஜெக்டின் அட்டவணை கிடைத்தது. பெயர், போன கிளப், ஆடிய ஆட்டங்கள், அடித்த கோல்கள் என்று நாலு பத்தி போட்டிருக்கிறாய். அந்த நாலை மட்டும் வைத்துக்கொண்டு, கோலைத் தடுக்கும் டிஃபெண்டரான பென் ஒயிட்டை எடைபோட்டுப் பார். 2019-20 சீசனில் லீட்ஸ் யுனைடெட்டுக்காக 46 லீக் ஆட்டங்கள், ஒரே ஒரு கோல். அதுவும் சார்ல்டனுடன் நடந்த கடைசி ஆட்டத்தில் வந்தது. உன் கணக்கில் அவர் கண்ணில் படவே மாட்டார். ஆனால் அந்த 46 ஆட்டத்திலும் அவர் ஒரு நிமிடம்கூடக் களத்தை விட்டு வெளியே வரவில்லை. மொத்தம் 4,140 நிமிடம். மேனேஜர் மார்செலோ பியெல்சாவின் அந்த அணி இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பை வென்று, 16 வருடம் கழித்து முதல் நிலையான பிரீமியர் லீக்குக்கு ஏறியது. ஒயிட் அடுத்த சீசன் பிரைட்டனில் ஆடினார். 2021 ஜூலையில் ஆர்சனல் 5 கோடி பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது.

அதனால் பெயருக்குப் பக்கத்திலேயே ஒரு புதுப் பத்தி போடு: எதற்காக அனுப்பினார்கள்? இதற்குப் பதில் எழுதாமல் மற்ற எந்த எண்ணையும் படிக்காதே. ஒவ்வொரு லோனும் கிளப் கேட்கும் ஒரு கேள்வி. பையன் தேறினானா இல்லையா என்பது அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலைப் பொறுத்தது. எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்தினால் எல்லாருக்குமே தப்பான எடைதான் வரும்.

ஒயிட்டுக்கு இருந்த கேள்வி, ஒவ்வொரு படியாக ஏறுவாரா என்பது. 2017-18ல் நான்காம் நிலையான லீக் டூவில் நியூபோர்ட் கவுண்டி. 2019 ஜனவரியிலிருந்து அரை சீசன் மூன்றாம் நிலையான லீக் ஒன்னில் பீட்டர்பரோ. பிறகு சாம்பியன்ஷிப்பில் லீட்ஸ். ஒவ்வொரு இடத்திலும் முதல் பதினொருவரில் இடம் பிடித்த பிறகே அடுத்த படி. நியூபோர்ட்டில் அவர் கற்றது, நீளப் பந்துக்குக் குதித்து மோதுவதும், சிதறி விழும் பந்துக்கு முந்துவதும். லீட்ஸில் கற்றது, பந்தைக் காலில் வைத்துக்கொண்டு முன்னேறுவதும், ஒற்றைக்கு ஒற்றை ஆளை விரட்டிப் பிடிப்பதும். இரண்டும் வேறு வேறு பாடம். முதலாவது இல்லாமல் நேராக இரண்டாவதுக்குப் போயிருந்தால் சாம்பியன்ஷிப் ஸ்ட்ரைக்கர்கள் அவரைத் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள்.

ஜப்பானிய விங்கர் (மைதானத்தின் ஓரத்திலிருந்து தாக்குபவர்) கவோரு மிதோமாவின் கதையே வேறு. பிரெக்சிட்டுக்குப் பிறகு, 2021லிருந்து, வெளிநாட்டு ஆட்டக்காரர் இங்கிலாந்தில் ஆடப் பொதுவாகப் புள்ளிக் கணக்கில் தேற வேண்டும். தேசிய அணியில் ஆடிய ஆட்டங்கள், ஆடிவந்த லீக்கின் தரம், அங்கே ஆடிய நிமிடங்கள் இவையெல்லாம் சேர்ந்துதான் புள்ளி. 2021 ஆகஸ்டில் கவாசாகி ஃப்ரான்டாலேயிலிருந்து வாங்கியபோது மிதோமா ஜப்பான் சீனியர் அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. அதனால் பெல்ஜியத்தின் யூனியன் சாங் ஜிலுவாஸுக்கு அனுப்பினார்கள். அப்போது பிரைட்டன் உரிமையாளர் டோனி புளூமின் கையில்தான் அந்தக் கிளப்பும் இருந்தது. அக்டோபரில் செராங்குடன் நடந்த ஆட்டத்தில், அணி இரண்டு கோல் பின்தங்கி, பத்துப் பேருடன் தவித்தபோது பெஞ்சிலிருந்து வந்து மூன்று கோல் அடித்தார். 4-2 வெற்றி. நவம்பரில் ஜப்பானுக்காக அவருடைய முதல் ஆட்டம். 2022 மார்ச்சில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் போட்ட இரண்டு கோலில் ஜப்பான் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. கேட்ட கேள்விக்கு முழுப் பதில் வந்துவிட்டது.

இங்கே இன்னொன்றையும் கவனி. யூனியனில் அவர் ஆடியது பெரும்பாலும் இடது விங்-பேக்காக. தன் பெனால்டி பகுதி வரை ஓடிவந்து தடுக்க வேண்டிய இடம் அது. கோல் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இது நஷ்டமாகத் தெரியும். பிரைட்டனுக்கோ, தடுக்கவும் தெரிந்த விங்கர் கிடைத்தார். ஆகவே 'இடம்' என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். தாய்க் கிளப்பில் எந்த இடத்துக்காக வளர்க்கிறார்கள், லோன் கிளப்பில் எங்கே நிறுத்துகிறார்கள் என்ற இரண்டையும் எழுது. ஒத்துவராவிட்டால் அதற்குக் காரணம் உண்டா, இல்லை மேனேஜருக்கு வேறு ஆள் இல்லாததால் நிறுத்தினாரா என்று தோண்டிப் பார்.

அடுத்து நிமிடங்கள். 'ஆடிய ஆட்டங்கள்' போல ஏமாற்றும் எண் வேறில்லை. ஒரு ஸ்ட்ரைக்கர் 30 ஆட்டம் ஆடினார் என்று வைத்துக்கொள். அதில் 22 ஆட்டம் கடைசி 15 நிமிடம் மட்டும், அதாவது 330 நிமிடம். எட்டு ஆட்டம் முதலிலிருந்து, சராசரி 75 நிமிடம், ஆக 600. மொத்தம் 930 நிமிடம்தான். ஆறு கோல் அடித்திருந்தால் 155 நிமிடத்துக்கு ஒன்று, பிரமாதமாகத் தெரியும். அதில் இரண்டு பெனால்டி என்றால் மீதி நாலுக்கு 232 நிமிடத்துக்கு ஒன்று. அந்த நாலும் களைத்துப்போன டிஃபெண்டர்களுக்கு எதிராகக் கடைசி கால் மணி நேரத்தில் வந்தவை என்றால் இன்னும் இறங்கும். எனவே மொத்த நிமிடம், முதலிலிருந்து ஆடியது, சப்ஸ்டிட்யூட்டாக வந்தது, பெனால்டி நீக்கிய கோல் என்று தனித்தனியாகப் பிரி. 'ஆடக்கூடிய நிலையில் இருந்த நிமிடம்' என்பதையும் சேர்த்துக்கொள். காயத்தில் இருந்த வாரங்களையும், சிவப்பு அட்டைத் தடை நாட்களையும் கழித்துவிட்டு, மிச்சத்தில் எத்தனை சதவீதம் ஆடினார் என்று பார்த்தால்தான் மேனேஜர் அவரை நம்புகிறாரா என்பது தெரியும். சீசனை மூன்றாக வெட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. ஆகஸ்டில் 80 சதவீதமும் மார்ச்சில் 20 சதவீதமும் ஆடியவரின் சராசரி ஒன்றுமே சொல்லாது.

கோல்கீப்பர்களைத் தனித்தாளில் வை. கீப்பர் மாற்று ஆளாக வருவது அபூர்வம், அதனால் ஒன்று முழு ஆட்டம், இல்லாவிட்டால் பூஜ்யம். ராபர்ட் சான்செஸை லீக் டூவில் ஃபாரஸ்ட் கிரீனுக்கும், பிறகு லீக் ஒன்னில் ராச்டேலுக்கும் அனுப்பினார்கள். 21 வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கும். கார்னர் வரும்போது இரண்டு பேர் கீப்பர் மேல் சாய்ந்து நிற்பார்கள், நடுவர் விசில் ஊத மாட்டார். 2020 நவம்பரில் பிரைட்டனின் முதல் கீப்பர் இடம் அவருக்கு வந்தது, அதற்கடுத்த கோடையில், ஐரோப்பிய நாடுகளின் போட்டியான யூரோவுக்கான ஸ்பெயின் அணியிலும் இருந்தார்.

அணியின் நிலையையும் எழுதாமல் விடாதே. மொய்செஸ் காய்செடோவை 2021-22ல் பெல்ஜியத்தின் பீர்ஸ்கோட்டுக்கு அனுப்பினார்கள். அந்த சீசன் லீக்கில் கடைசி இடம் பிடித்துக் கீழே இறங்கிய அணி அது. தோற்றுக்கொண்டே இருக்கும் அணியின் மிட்ஃபீல்டருக்குப் பந்து பறிப்பதே முழுநேர வேலை. பாஸ் சதவீதம் அடிவாங்கும், வெற்றிக் கணக்கு இருக்கவே இருக்காது. ஜனவரியில் ஆள் பற்றாக்குறையால் பிரைட்டன் அவரைத் திரும்ப அழைத்தது. ஏப்ரலில் ஆர்சனல் மைதானத்தில் முதல் லீக் ஆட்டம், 2-1 வெற்றி, இரண்டாவது கோலுக்குப் பாஸ் கொடுத்தவர் அவர்தான். 2023 ஆகஸ்டில் செல்சி அவருக்காக 10 கோடி பவுண்டுக்கும் மேல் எண்ணிவைத்தது. பீர்ஸ்கோட் புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்து யாராவது இதைச் சொல்லியிருக்க முடியுமா?

முடியாது. அதனால்தான் ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறேன். சென்டர் பேக் (நடுவில் நிற்கும் டிஃபெண்டர்) ஒருவரைப் பார்க்கிறாய் என்றால் பந்தைத் தொடரவே கூடாது, 20 நிமிடம் அவரை மட்டும் பார். பந்து அவரிடம் வருமுன் தோளுக்கு மேல் எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார்? வாங்கும்போது உடல் பக்கவாட்டில் திறந்திருக்கிறதா, வந்த திசையையே பார்த்து நிற்கிறதா? முதல் தொடுதல் எதிராளியை விட்டு விலகிப் போகிறதா? தப்பான பாஸ் ஒன்று போட்டபின் அடுத்த பந்தைக் கேட்டு வாங்குகிறாரா, ஒளிந்துகொள்கிறாரா? கடைசிக் கேள்விக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன். 19 வயதுப் பையன் தெரியாத ஊரில், சம்பளத்துக்காக ஆடும் முப்பது வயது ஆட்களுக்கு நடுவே, தவறு செய்தபின் எப்படி நிற்கிறான் என்பதைப் பயிற்சி மைதானத்தில் பார்க்க முடியாது. இந்த நாலு கேள்விக்கும் ஆகஸ்டு, டிசம்பர், ஏப்ரல் என மூன்று ஆட்டத்தில் குறிப்பெடுத்தாலே போதும், வளர்ச்சி இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

எங்கே கெட்டுப்போகிறது என்பதையும் உன் அறிக்கையில் எழுத வேண்டும். முதல் காரணம் மேனேஜர் மாற்றம். ஆளைக் கேட்டு வாங்கியவர் அக்டோபரில் வேலையிழப்பார். புதிதாக வருபவருக்கு இரவல் ஆட்டக்காரரிடம் எந்தக் கடமையும் இல்லை. மூன்று டிஃபெண்டர் முறை நாலாக மாறும், பையன் பெஞ்சில் உட்காருவான். இரண்டாவது ஜனவரி. லோன் கிளப் அதே இடத்துக்குச் சொந்தமாக ஒருவரை வாங்கினால் ஆடுவது அவர்தான். மூன்றாவது ஏப்ரல். மேலே ஏறவும் வழியில்லை, கீழே இறங்கும் பயமும் இல்லை என்றானபின், அடுத்தவன் பிள்ளையை எதற்கு வளர்க்க வேண்டும் என்று தன் கிளப் பையன்களை இறக்குவார்கள். அதில் தப்பும் இல்லை.

இதற்கெல்லாம் தடுப்பு ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. லோன் கட்டணம், சம்பளத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு, குறிப்பிட்ட அளவு ஆடவிடாவிட்டால் அந்தப் பங்கு கூடுமா, ஜனவரியில் திரும்ப அழைக்கும் உரிமை உண்டா, கடைசியில் வாங்கும் உரிமை கொடுத்திருக்கிறார்களா என்ற ஐந்தையும் தேடு. வெளியே எல்லாம் தெரியவராது. தெரிந்ததை மட்டும் எழுது, ஊகத்தை எழுதாதே. திரும்ப அழைத்தாலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. ஃபிஃபா விதிப்படி ஒரு சீசனில் ஒருவர் மூன்று கிளப்பில் பதிவாகலாம், ஆனால் அதிகாரபூர்வ ஆட்டம் ஆடுவது பொதுவாக இரண்டு கிளப்புக்கு மட்டுமே. ஆகஸ்டில் தாய்க் கிளப்புக்காக ஒரு கோப்பை ஆட்டத்தில் பத்து நிமிடம் இறக்கிவிட்டு லோனில் அனுப்பினால், ஜனவரியில் மூன்றாவது கிளப்பின் கதவு மூடிவிடும். நாடு விட்டு நாடு போகும் லோன்களுக்கு 2022 ஜூலையிலிருந்து எண்ணிக்கை வரம்பும் வந்துவிட்டது. முதலில் எட்டு, 2024 ஜூலையிலிருந்து ஆறு, ஒரே கிளப்புக்கு மூன்று பேருக்கு மேல் கூடாது. 21 வயது வரை உள்ள, சொந்தக் கிளப்பிலேயே வளர்ந்த ஆட்டக்காரர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். லோனில் போனவரை அங்கிருந்து இன்னொரு கிளப்புக்கு லோனில் தள்ளுவதும் இப்போது முடியாது.

ஸ்ட்ரைக்கர் விக்டர் கியோக்கெரெஸை உன் அட்டவணையில் காணோம். அவரை விட்டுவிட்டு இந்த ப்ராஜெக்ட் முழுமையாகாது. ஜெர்மனியின் இரண்டாம் நிலையில் சாங்ட் பவுலிக்கு 2019-20ல் ஏழு லீக் கோல் அடித்தார். அடுத்து ஸ்வான்சி. அங்கே முதலிலிருந்து ஆடும் வாய்ப்பு சரியாகக் கிடைக்கவில்லை, லீக்கில் ஒரு கோலும் இல்லை. 2021 ஜனவரியில் திரும்ப அழைத்து கவென்ட்ரிக்கு அனுப்பினார்கள், அந்தக் கோடையிலேயே அவர்களுக்கே விற்றும்விட்டார்கள். கவென்ட்ரியில் முதலில் 17, பிறகு 21 லீக் கோல். ஸ்போர்ட்டிங் லிஸ்பனில் இரண்டு சீசனில் 102 ஆட்டத்தில் 97 கோல். பிரைட்டன் போல ஆளை எடைபோடத் தெரிந்த கிளப்புக்கே கைநழுவியது. ஆடாத அரை சீசனை 'தேறவில்லை' என்று படித்தால் இப்படி ஆகும். ஆடாதவரைப் பற்றிக் கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை என்றுதான் அர்த்தம். அந்தக் கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதத் தயங்காதே கண்ணு.

நேர் எதிரானது டெனிஸ் உந்தாவின் கதை. 2023-24ல் ஸ்டுட்கார்ட்டுக்கு லோனில் போய், ஜெர்மனியின் முதல் நிலையான புண்டஸ்லிகாவில் 18 கோல் அடித்தார், அணி இரண்டாம் இடம் வந்தது. இதைவிட நல்ல லோன் எது? ஆனால் அவர் பிரைட்டனுக்கு ஆடத் திரும்பவில்லை, ஸ்டுட்கார்ட்டே வாங்கிக்கொண்டது. 'வெற்றி' என்ற பத்தியை ஆட்டக்காரருக்கு, தாய்க் கிளப்புக்கு, லோன் கிளப்புக்கு என்று மூன்றாக உடைத்துக்கொள்.

திரும்பி வந்ததோடு கணக்கை மூடிவிடாதே. யான் பால் வான் ஹெக்கே 2021-22ல் பிளாக்பர்னின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வாகி வந்தும், பிரைட்டனில் நிலையான இடம் பிடிக்க 2023-24 வரை ஆனது. அலெக்சிஸ் மக் அலிஸ்டரை வாங்கியது 2019 ஜனவரியில். அர்ஜென்டினோஸ், போகா ஜூனியர்ஸ் என்று அர்ஜென்டினாவிலேயே ஒரு வருடம் ஆடவிட்டு 2020 தொடக்கத்தில் அழைத்துக்கொண்டார்கள். 2022ல் உலகக் கோப்பையே வென்றார் என்றாலும், பிரைட்டனில் வேரூன்ற அவருக்கும் ஒன்றரை வருடத்துக்கு மேல் பிடித்தது. லோன் முடிந்தபின் இரண்டு சீசனுக்கான நிமிடங்களையும் சேர்த்துப் போடு. ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் மிச்சம் என்பதையும் பக்கத்தில் குறி. ஒயிட்டுக்காக லீட்ஸ் 2020 கோடையில் திரும்பத் திரும்பக் கேட்டும் பிரைட்டனால் மறுக்க முடிந்தது, அந்த செப்டம்பரிலேயே புது ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வாங்கியது. ஒரே வருடம் மிச்சமிருக்கும் பையன் வெளியே நன்றாக ஆடினால், தாய்க் கிளப்புக்குப் பேரம் பேசும் பலம் பாதிதான்.

திருத்திய தாளை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால், அந்த வார இறுதியிலேயே வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன். அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா