கப்பல் சவாரிக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஜங்காரில் ஏற்றியது குறித்து

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறையில் சேலத்திலிருந்து உங்கள் வேனில் கொச்சிக்குப் போய் வந்த குடும்பம் நாங்கள். வேன் சுத்தமாக இருந்தது, தங்கிய இடமும் பரவாயில்லை, டிரைவர் அண்ணா நல்ல மனிதர், அவர் மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு அவர் சம்பளத்தில் கை வைத்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. புகார் ஒன்றே ஒன்றுதான். ‘கொச்சி துறைமுகத்தில் ஒரு மணி நேர சன்செட் கப்பல் சவாரி’ என்று பேக்கேஜுக்கு மேலே தனியாக ஆளுக்கு 750 வீதம், ஆறு பேருக்கு 4,500 ரூபாய் வாங்கினீர்கள். என் சின்ன மகனுக்கு அரை டிக்கெட் கேட்டதற்கு, ‘கப்பலில் சீட் எல்லோருக்கும் ஒன்றுதான் மேடம்’ என்று உங்கள் ஆபீஸ் பையன் சொன்னார். எங்களுக்குக் கிடைத்தது வைப்பின் தீவிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வண்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் ஜங்கார் படகு. சீட்டே கிடையாது, எங்கள் வேன் சீட்தான்.

நடந்தது இது. செராய் கடற்கரையைப் பார்த்துவிட்டு சாயங்காலம் வைப்பின் தீவின் தெற்கு முனைக்கு வந்தோம். கார், ஆட்டோ, சரக்கு லாரி என்று பெரிய வரிசை, அன்றைக்கு ஒரு படகுதான் ஓடியது என்றார்கள், அதனால் வேனுக்குள்ளேயே வியர்த்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம் (நீங்கள் சொன்ன ‘ஒரு மணி நேரம்’ இதுதான் போலிருக்கிறது). என் மாமியாருக்கு 70 வயது தாண்டிவிட்டது, முழங்கால் வலி, பிறந்தது முதல் கப்பலைக் கிட்டத்தில் பார்த்ததில்லை, இந்தச் சவாரிக்காகவே வந்தார். கப்பல் எங்கே என்று டிரைவர் அண்ணாவைக் கேட்டபோது அவருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது, ‘ஆபீஸ்ல இதுலதான் ஏத்தச் சொன்னாங்கம்மா’ என்றார், அப்புறம் பேசவே இல்லை.

எங்கள் முறை வந்ததும் படகு ஆட்கள் விசில் அடித்து, கையைக் காட்டி, வேனை நடு வரிசையில் ஒரு இடைவெளிகூட இல்லாமல் நிறுத்த வைத்தார்கள். இடது பக்கம் ஒரு லாரி, வலது பக்கம் ஒரு பெரிய கார், முன்னால் பைக்குகள். வேனின் சறுக்குக் கதவைத் திறந்தாலும் லாரியின் தார்ப்பாய்தான் முகத்தில் இடித்தது. என் கணவரும் மூத்த மகளும் முன் சீட்டு வழியாக எப்படியோ நெளிந்து வெளியே போய்விட்டார்கள், நானும் அத்தையும் சின்னவனும், பின் சீட்டில் என் கொழுந்தனாரும் உள்ளேயே மாட்டிக்கொண்டோம். டீசல் புகை வேறு. சூரியன் மறைந்ததா, சீன வலையைத் தூக்கினார்களா, உங்கள் நோட்டீஸில் துள்ளிக்கொண்டிருக்கும் டால்பின் அங்கே வந்ததா, எதுவும் எங்களுக்குத் தெரியாது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, பலகையை இறக்கினார்கள், வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்க ஆரம்பித்தன, நாங்களும் இறங்கி ஃபோர்ட் கொச்சித் தெருவுக்குள் போய்விட்டோம். அப்போதுதான் அத்தை கேட்டார், ‘ஏம்மா, கப்பல் எப்ப வரும்?’

அந்தப் படகை நான் குறை சொல்லவில்லை. ஊர் மக்களுக்கு அது பெரிய உதவி. சேது சாகர் என்று பெயர், இரண்டு படகு, கொச்சி மாநகராட்சிக்காக கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிக்கொடுத்தது, 2018 ஏப்ரலில் தொடங்கியது, கேரள அரசின் உள்நாட்டு நீர்வழி நிறுவனம் ஓட்டுகிறது. அது இல்லாவிட்டால் வைப்பினிலிருந்து கோஸ்ரீ பாலங்கள் ஏறி எர்ணாகுளம் நகரத்தைச் சுற்றித்தான் ஃபோர்ட் கொச்சிக்கு வர வேண்டும், பதினைந்து கிலோமீட்டருக்கும் மேல். இதே துறையில் 2015 ஆகஸ்டில் மீன்பிடிப் படகு மோதி பழைய பயணிகள் படகு ஒன்று மூழ்கி 11 பேர் இறந்துபோனார்கள், அதையெல்லாம் பார்த்த ஊர் அது. ஆபீஸ் போகிறவர்களும் மீன் கூடைக்காரர்களும் தினமும் சில்லறைக் காசு கொடுத்துப் போகும் படகை எங்களிடம் 750 ரூபாய்க்கு விற்றது நீங்கள்தான்.

இன்னொன்றும் யோசித்துப் பார்த்தேன். காலையில் செராய், ராத்திரி ஃபோர்ட் கொச்சியில் தங்கல் என்று திட்டம் போட்டதே நீங்கள். அப்படியானால் எங்கள் வேன் எப்படியும் அந்தத் தண்ணீரைத் தாண்டித்தான் ஆக வேண்டும். நாங்கள் கப்பல் சவாரி வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் டிரைவர் அண்ணா அதே ஜங்காரில்தான் வண்டியை ஏற்றியிருப்பார், டீசல் மிச்சம், நேரம் மிச்சம். உங்கள் செலவு குறைவதற்கு எங்களிடம் 4,500 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள். டோல்கேட்டில் நின்றதற்கும் ‘நெடுஞ்சாலைச் சுற்றுலா’ என்று தனியாகப் பில் போடவில்லையே, அதுவரைக்கும் நன்றி.

எங்களைப் படகு பார்க்காதவர்கள் என்று நினைத்துவிட்டீர்களா? நம் சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டியிலேயே காவிரியைத் தாண்டி நெருஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு போகிறது, ஆளும் பைக்குமாக ஏறிக்கொண்டு போவார்கள், அந்த ஊரைக் குட்டி கேரளா என்றுகூட நம் ஆட்கள் சொல்வார்கள். பரிசல் துறையில் யாரும் அதை சன்செட் சவாரி என்று விற்கவில்லை.

கொச்சியில் உண்மையான சவாரி கிடைக்காமலும் இல்லை. ஜங்காரை ஓட்டும் அதே அரசு நிறுவனம்தான் சாகர ராணி என்று சுற்றுலாப் படகும் விடுகிறது, கடல் பக்கம் போய்வரும். மறுநாள் நாங்களே ஃபோர்ட் கொச்சியிலிருந்து ஹைகோர்ட் வரைக்கும் வாட்டர் மெட்ரோவில் போனோம், 2023-ல் வந்த மின்சாரப் படகு, ஆளுக்கு 40 ரூபாய் டிக்கெட், ஏசி, பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல். அத்தையைக் கைத்தாங்கலாக ஏற்றி ஜன்னல் ஓரம் உட்கார வைத்தோம், வல்லார்பாடத்தில் கண்டெய்னர் இறக்கும் கிரேன்களையும் பக்கத்தில் நின்ற கப்பலையும் பார்த்து, ‘இத்தனை பெட்டியையும் இது ஒண்ணே தூக்கிட்டுப் போகுமா?’ என்று கேட்டுக்கொண்டே வந்தார். 40 ரூபாய்க்கு அவர் பார்த்ததை 750 ரூபாய்க்கு உங்களால் காட்ட முடியவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் உங்கள் ஆபீஸுக்கு நேரில் வந்தேன். கவுண்டரில் இருந்தவர் முழுசாகக் கேட்கவில்லை. ‘படகுல ஏறுனீங்களா இல்லையா மேடம்? தண்ணியத் தாண்டுனீங்களா இல்லையா?’ என்றார். அப்புறம், அடுத்த டூரில் 500 ரூபாய் தள்ளுபடி கூப்பன் தருகிறேன் என்றார். உங்களோடு அடுத்த டூர் வருகிற எண்ணமே எங்களுக்கு இல்லை, கூப்பனை வைத்து நான் என்ன செய்வது? அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்பிய எதற்கும் பதில் இல்லை, நீல டிக் மட்டும் விழுகிறது.

ஆகவே நேராகவே கேட்கிறேன். 4,500 ரூபாயையும் முழுதாக, நான் முன்பணம் அனுப்பிய என் ஜிபே எண்ணுக்கே, இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் அனுப்பிவிடுங்கள். தவணை வேண்டாம், கூப்பன் வேண்டாம். நோட்டீஸிலிருந்து அந்த வரியையும் எடுங்கள், அல்லது ‘வைப்பின் – ஃபோர்ட் கொச்சி ஜங்கார், ஐந்து நிமிடம், வேனுக்குள் உட்கார்ந்தபடி’ என்று உள்ளதை உள்ளபடி போடுங்கள், வருகிறவர்கள் தெரிந்துகொண்டு வரட்டும். பொங்கல் விடுமுறைக்கும் அதே நோட்டீஸை டால்பின் படத்தோடு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள், என் தங்கைக்கே வந்திருக்கிறது.

பணம் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்வேன், அதற்கும் அசையாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லாததை இருப்பதாகச் சொல்லி விளம்பரம் செய்வது தவறு என்று தெளிவாகவே இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரைக்கும் வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்றும் இல்லை. எனக்கு வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம்தான்.

இப்படிக்கு,
கொச்சி டூர் வந்த வாடிக்கையாளர்,
சூரமங்கலம், சேலம்.

இணைப்பு: நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீஸ், 4,500 ரூபாய்க்கான ரசீது, வேனுக்குள்ளிருந்து எடுத்த லாரித் தார்ப்பாய் போட்டோ.