ஆசிரியருக்குக் கடிதம்: பிராங்க்ளின் தெரு வீடு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சான்பிரான்சிஸ்கோவில் 1882-இல் கட்டப்பட்ட விக்டோரியன் வீட்டை 2021 பிப்ரவரி 21 அன்று பிராங்க்ளின் தெருவிலிருந்து ஃபுல்டன் தெருவுக்கு முழுதாக நகர்த்திச் சென்றது பற்றிய கட்டுரையில், பழைய வீடு ஒன்றைக்கூட இழக்க மனம் வராத நகரம் அது என்று புகழ்ந்திருக்கிறீர்கள். அப்பகுதியில் பல்லாண்டு வாழ்ந்த எனக்கு, இதைப் படித்துச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

அன்று கூட்டத்தில் நானும் நின்றேன். பார்க்கிங் மீட்டர்களைப் பிடுங்கி, மரக்கிளைகளை வெட்டி, ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையாக, மணிக்கு ஒரு மைலைத் தாண்டாத வேகத்தில் அந்தப் பச்சை வீடு சரிவில் இறங்கியது கண்கொள்ளாக் காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் உரிமையாளர் ஏறக்குறைய 4 லட்சம் டாலர் செலவிட்டது பழமைப் பற்றினால் மட்டுமன்று. காலியாகும் மனையில் 48 குடியிருப்புகள் எழுப்பும் திட்டம் இருந்ததைக் கட்டுரையாளர் அறியாவிட்டாலும் தாங்கள் அறிந்திருப்பீர்கள்.

அதுகூடப் போகட்டும். 1950-களின் பிற்பகுதி தொடங்கி, மறுசீரமைப்பு என்ற பெயரில், அருகிலேயே உள்ள வெஸ்டர்ன் அடிஷன் பகுதியில் இதே காலத்து வீடுகளை ஆயிரக்கணக்கில் இடித்துத் தள்ளியதும் இந்த நகரம்தானே? கறுப்பினக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் அரசால் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பிவந்திருந்த ஜப்பானிய அமெரிக்கர்கள் மறுபடியும் வீடிழந்தனர். 1974-இல் 12 வீடுகளை மட்டும் வண்டியேற்றிக் காப்பாற்றினார்கள். மனிதர்களுக்கோ, திரும்பிவர முன்னுரிமை உண்டு என்று சான்றிதழ் கொடுத்தார்கள். ஓக்லாந்தில் என் அடுத்த வீட்டு மூதாட்டி அப்படி ஒன்றைக் காட்டியிருக்கிறார்: மடிப்புகளில் இற்றுப்போய், பின்புறம் ஒட்டிய டேப்பின் தயவில் நின்ற தாள். பெரும்பாலோரைப் போல அவரும் திரும்பிப் போகவே இல்லை. தங்கள் நான்கு பக்கக் கட்டுரையில் இவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

தங்கள் இதழில் இது புதிதன்று. முன்பு ஒரு மாளிகையைப் பற்றி எழுதிவிட்டு வேறு மாளிகையின் படத்தைப் போட்டீர்கள். நான் எழுதிய கடிதத்தில் பாராட்டை மட்டும் அச்சிட்டு, பிழையைச் சுட்டிய பகுதியை வெட்டினீர்கள். இடப்பற்றாக்குறையாக இருந்திருக்கும், பக்கத்திலேயே ராசிபலன் தாராளமாகக் கால்நீட்டியிருந்ததைப் பார்த்து நானே சமாதானம் செய்துகொண்டேன்.

இம்முறை அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி, வெஸ்டர்ன் அடிஷன் என்ற பெயரை ஒருமுறையாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். படத்தின் கீழே வீட்டின் வயது 139 என்பதற்குப் பதிலாக 193 என்று வந்திருப்பதையும், முடிந்தால், சரிசெய்யுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்