ம் கொட்ட ஆள் வேண்டும்

ரோஸ் ஹில், மொரிஷியஸ்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. பேத்திக்குக் காய்ச்சல் என்று அலைந்ததில் பதில் தள்ளிப்போய்விட்டது. இப்போது குணமாகிவிட்டாள். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? தைலத்தை மட்டும் நம்பிக்கொண்டிராமல் மருத்துவரையும் போய்ப் பார்.

ஜூமில் பேச அழைத்திருக்கிறார்கள், இத்தனை வருடம் மேடை ஏறியவனுக்கு இதில் என்ன பயம் என்று நீயே கேட்டு, நீயே பயந்தும் இருக்கிறாய். பயம் நியாயமானதுதான். மேடையில் நீ பேசியதை நான் அருகிலிருந்து பார்த்தவன். நம் விடுதி ஆண்டு விழாவில் மூன்றாவது வரிசையில் சமையல்காரத் தாத்தா உட்கார்ந்திருந்தார், நினைவிருக்கிறதா? அவர் தலை ஆடினால் நீ அதே இடத்தில் நின்று இன்னும் இரண்டு வாக்கியம் சொல்வாய். ஆடாவிட்டால் சட்டென்று அடுத்த செய்திக்குத் தாவிவிடுவாய். உன் பேச்சில் பாதியை எழுதியது அவர் தலை. திரையில் அந்தத் தலை கிடையாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தைப்பூசத்தை ஒட்டி இங்கே ஒரு கூட்டம் வைத்தார்கள். மொரிஷியஸ், பக்கத்துத் தீவு ரீயூனியன், தென்னாப்பிரிக்காவின் டர்பன் ஆகிய மூன்று இடத்துத் தமிழரையும் ஒரே திரையில் சேர்ப்பதாக ஏற்பாடு. எனக்கு மாலை ஆறு மணி, டர்பனில் நாலு. கூலி ஒப்பந்தத்தில் வந்த நம் ஆட்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். 1834 முதல் போர்ட் லூயி துறைமுகத்தில் இறங்கியவர்கள் கதையைச் சொல்லிவிட்டு, மதராஸிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்த இடத்துக்கு வந்தேன். கோயில் மண்டபத்தில் இதைச் சொன்னால் பெண்கள் பக்கத்திலிருந்து உச்சுக்கொட்டும் சத்தம் எழும். அதற்காகவே ஒரு மூச்சு விட்டு நிற்பது என் வழக்கம். அன்றும் நின்றேன். ஒன்றும் வரவில்லை. எல்லோரும் மைக்கை அணைத்து வைத்திருந்தார்கள்; பாதிப்பேர் கேமராவையும். அந்த மௌனத்தில் எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. அடுத்த பத்து நிமிடத்தில் சொல்ல வேண்டியதை நாலு நிமிடத்தில் ஒப்பித்து முடித்தேன்.

முடிவில் ஒரு முருகன் பாட்டு. சுருதிப்பெட்டியைப் போட்டுக்கொண்டு மனமுருகித்தான் பாடினேன். வெளியே தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு டர்பன் அன்பர் ஒருவர் அழைத்து, "சுருதி இல்லாமலே பாடினீர்களே, ஐயா" என்றார். மழைச் சத்தம் தொந்தரவாக இருந்ததா என்று கேட்டேன். "மழையா? அங்கே மழையா பெய்தது?" என்றார். அப்போதுதான் விளங்கியது. ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராக ஒலிக்கும் எதையும் அந்த மென்பொருள் இரைச்சல் என்று எண்ணி வடிகட்டிவிடுகிறது. மின்விசிறி, மழை, சுருதி மூன்றும் அதற்கு ஒன்றுதான். ஜூம் அமைப்புகளில் இசைக்காரர்களுக்காக அசல் ஒலியை அப்படியே அனுப்பும் வசதி ஒன்று இருக்கிறது. உன் பேச்சில் பாட்டு வருமானால் அதை முன்பே தேடிப் போட்டுவை. கூட்டுப் பாட்டுக்கு மட்டும் ஆசைப்படாதே. ஒவ்வொருவர் குரலும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேரும், தாளம் நிற்காது. ஒரு குரல் போய்ச்சேர 150 மில்லிநொடிக்குள் இருந்தால்தான் உரையாடல் தடங்கலில்லாமல் நடக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. பேச்சுக்கே அப்படி என்றால் பாட்டுக்குச் சொல்ல வேண்டுமா?

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பேத்திக்குக் கதை சொல்லப் போனேன். அவள் வீட்டில் பேசுவதெல்லாம் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான். தமிழ் பள்ளியில் படிக்கிற பாடம். ஆனால் கதை கேட்கும்போது மட்டும் நம் ஊர்ப் பிள்ளைகளைப் போலவே வாக்கியத்துக்கு வாக்கியம் "ம்" கொட்டுவாள். அவள் ம் நின்றால் தூங்கிவிட்டாள் என்று பொருள், கதையும் நிற்கும். இருட்டில் அந்த ம்மைக் கேட்டுக்கொண்டே சொன்னபோது, மாலையில் வராத சொற்களெல்லாம் வந்து விழுந்தன.

அடுத்த கூட்டத்தில் நான் செய்தது இதுதான். தமிழ் நன்றாகத் தெரிந்த மூன்று பேரிடம், நான் பேசும்போது மைக்கைத் திறந்தே வையுங்கள், மனத்தில் பட்டால் ம் என்று சொல்லுங்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். அவர்களில் ஒருவர் டர்பன் பாட்டி. பேச்சு தொடங்கி இரண்டாவது நிமிடத்தில் அவருடைய ம் வந்தது. கொஞ்சம் தாமதமாக, அடுத்த வாக்கியத்தின் தலையில் ஏறிக்கொண்டுதான் வந்தது. ஆனாலும் எனக்கு உயிர் வந்தது. பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின் அதற்கு இடம்விட்டுப் பேசப் பழகிக்கொண்டேன். மேடையில் பேசுவதைவிட மெதுவாகத்தான் போகும், போகட்டும். ம் கொட்டுகிறவர்கள் காதில் ஹெட்போன் மாட்டியிருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதே. இல்லாவிட்டால் அவர்கள் மைக் வழியாக உன் குரலே உன்னிடம் திரும்பி வந்து பேச்சைக் குலைக்கும்.

நீ கேட்ட மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரையில் தெரியும் முகத்தைப் பார்த்துப் பேசினால் கேட்பவருக்கு நீ கீழே குனிந்திருப்பதாகத் தெரியும். கேமராவின் சிறு துளையைப் பார். நான் துளையை மறைக்காமல் அதற்குச் சற்று மேலே என் பேத்தியின் படத்தை ஒட்டியிருக்கிறேன். உன் முகம் உனக்கே தெரியாமல் மறைத்துவிடு. ஒரு மணி நேரம் கண்ணாடி முன் நின்று யாராலும் பேச முடியாது. நின்றுகொண்டே பேசு, உனக்கு அதுதான் வரும். லேப்டாப்பை நாலு தடித்த புத்தகத்தின் மேல் ஏற்றிவை. அழைத்தவர்கள் கட்டணமில்லாத கணக்கு வைத்திருந்தால் 40 நிமிடத்தில் கூட்டம் அறுந்துபோகும், முதலிலேயே விசாரித்துக்கொள்.

உனக்கு ஒன்று சொன்னால் மகிழ்வாய். 2002 முதல், இணையத் தகவலைச் சுமக்கும் ஒரு கடலடிக் கம்பிவடம் தென்னாப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டு ரீயூனியனையும் எங்கள் தீவையும் தொட்டுக் கொச்சியில் கரையேறி, அங்கிருந்து மலேசியாவின் பினாங்கு வரை போகிறது. நம் ஆட்கள் கப்பலில் வாரக்கணக்கில் கடந்த கடல் அது. கொச்சியிலிருந்து உன் கும்பகோணம் எவ்வளவு தூரம்?

உன் பேச்சு ஞாயிறு இரவு எட்டு மணிக்கு என்று எழுதியிருக்கிறாய். இங்கே ஆறரை. இணைப்பை அனுப்பிவை, ஏற்பாட்டாளரிடம் என் மைக்கை அணைக்க வேண்டாம் என்றும் சொல்லிவை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருப்பேன்.

என்றும் அன்புடன்,
உன் விடுதித் தோழன்