அறுபது ஆண்டுக்கு மேல் ஒரே வேடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொடர் நடிகர்கள் என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர் இங்கிலாந்தின் வில்லியம் ரோச். 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடரின் முதல் பகுதி 1960 டிசம்பர் 9 அன்று நேரலையாகவே ஒளிபரப்பானது. அதில் கல்லூரி மாணவன் கென் பார்லோவாக வந்து, சாப்பாட்டு மேசையில் அப்பா சாஸ் ஊற்றிக்கொள்வதைப் பார்த்து முகம் சுளிப்பார். அந்த இளக்காரப் பையன் அப்புறம் அப்பாவாகி, தாத்தாவும் ஆகிவிட்டான். நடிகர் மட்டும் மாறவில்லை. தொண்ணூறைக் கடந்தும் அதே வேடம், கின்னஸ் சாதனையும் உண்டு. (நடிக்க வருமுன் ராணுவத்தில் கேப்டனாக இருந்தவர்!)

கென்னின் மனைவியாக நடித்த ஆன் கர்க்பிரைடு 2015-இல் காலமானார். அதே ஆண்டு கதையிலும் கென் மனைவியை இழந்தார். அந்தக் காட்சிகளில் எது நடிப்பு, எது நிஜ அழுகை என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

– ஒரு வாசகர்