இன்ஜினைச் சூடாக்கிக் காட்டி விற்ற கார்: பழுதுச் செலவு கேட்டுப் புகார்

7 ஏப்ரல் 2025
ஈசூன், சிங்கப்பூர்

பழைய கார் விற்பனை நிலைய உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் 15ஆம் தேதி உங்கள் கடையிலிருந்து 72,800 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) நான் எடுத்துச் சென்ற ஜெர்மன் செடான் காரைப் பற்றி எழுதுகிறேன். அன்று மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து நாம் பேசியது தமிழில்தான். அதனால் கடிதமும் தமிழிலேயே இருக்கட்டும். ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் அதையும் தருகிறேன், ஆனால் கோபம் எனக்குத் தமிழில்தான் ஒழுங்காக வருகிறது.

முதலில் என் பக்கத்துத் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய சொகுசுக் கார் வாங்குகிறவன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று மாதக்கணக்கில் படித்துவிட்டுத்தான் மார்ச் 8ஆம் தேதி உபியில் இருக்கும் உங்கள் கடைக்கு வந்தேன். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பார்த்தேன். 2321, அதாவது 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டயர் பழசு, சீக்கிரம் மாற்ற வேண்டும் என்று தெரிந்துதான் வாங்கினேன், அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியோ என்று, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேறு படிந்திருக்கிறதா பார்த்தேன். பின்பெட்டியில் விரிப்பைத் தூக்கித் துரு தேடினேன். கதவுகளின் இடைவெளி, பெயிண்ட் நிறம், ஸ்டீயரிங் தோலின் தேய்மானம் எல்லாம் சரியாகவே இருந்தன. சிஓஇ, அதாவது கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ், 2028 ஜூலை வரை இருப்பதையும் பார்த்துக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் கோட்டைவிட்டேன். பானெட்டில் கை வைத்தபோது அது சுட்டது.

"என்ன தம்பி, வண்டி சூடா இருக்கு?" என்று உங்கள் விற்பனையாளரிடம் கேட்டேன். "வெயில் அண்ணே, சிங்கப்பூர் வெயிலுக்கு எது சூடாகாது?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உங்கள் கடை நான்காவது மாடியில், கூரைக்குக் கீழே இருக்கிறது என்பதும் அந்தக் கார் உள்சுவர் ஓரமாக நின்றது என்பதும் கார் வீட்டுக்கு வந்து நாலு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அங்கே வெயில் எந்த வழியாக வந்தது என்பதை அவரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. இந்தக் காரில் இருப்பது காற்று சஸ்பென்ஷன், அதாவது இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்றுப் பைகள்தான் வண்டியைத் தாங்கும். அதில் கசிவு இருந்தால், இரவு முழுக்க நிற்கும்போது காற்று இறங்கி வண்டி ஒரு பக்கம் சரிந்துவிடும். இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரஸர் காற்றடித்துச் சில நிமிடங்களில் தூக்கிவிடும். ஆக, வாங்க வருகிறவர் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே வண்டியை ஓடவிட்டால், அவர் கண்ணுக்கு அது நிமிர்ந்து நிற்கும். ஆறின இன்ஜினை முதன்முதலில் ஸ்டார்ட் செய்யும்போது வரும் சத்தமும் புகையும்கூட அவருக்குத் தெரியாமலே போய்விடும்.

வண்டியை எடுத்த அன்று சாயங்காலம் ஈசூன் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் கோவிலில் பூஜை போட்டோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். பழுதுள்ள காரை ஆங்கிலத்தில் 'லெமன்', எலுமிச்சை என்பார்கள். அந்த ஐந்தாவது எலுமிச்சை காருக்குள்ளேயே இருந்தது அப்போது தெரியவில்லை.

மார்ச் 17 காலை ஆறரை மணிக்கு எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாகன நிறுத்துமிடத்துக்கு இறங்கினேன். கார் இடது முன்பக்கம் மண்டியிட்டதுபோல் இருந்தது. வலது சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே என் நான்கு விரல் போனது. இடது பக்கம் ஒரு விரல்கூட நுழையவில்லை. ஸ்டார்ட் செய்தேன். எங்கோ அடியில் தேனீப்பெட்டி போல ஒரு ரீங்காரம், அப்புறம் மூக்கு மெல்ல மேலே எழுந்தது. என் மனைவி, "ஏங்க, ஒட்டகம் எந்திரிக்கிற மாதிரி இருக்கே" என்றார். மறுநாள் எச்சரிக்கை விளக்கும் எரிந்தது.

19ஆம் தேதி காக்கி புக்கிட்டில் எங்களுக்குப் பழக்கமான ஓர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கிருக்கும் சீனப் பெரியவர் முதலில் எதையும் கழற்றவில்லை. சோப்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கலக்கி, இடது முன் ஸ்ட்ரட்டின், அதாவது சக்கரத்தின் மேலே வண்டியைத் தாங்கும் காற்றுத் தூணின், மேல் பகுதியில் தெளித்தார். பத்து வினாடியில் நுரை கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. வலது பக்கமும் மெதுவாகக் கசிகிறது, ஓயாமல் ஓடி ஓடிக் கம்ப்ரஸரும் களைத்துவிட்டது என்றார். இன்ஜினின் மேல்மூடியான வால்வு கவரிலிருந்து எண்ணெய் கசிந்த பழைய கறையையும் காட்டினார். மேற்புறம் மட்டும் பளபளவென்று துடைத்திருந்தது, கைக்கு எட்டாத பின்பக்கம் தார் போல இருந்தது. இது வாரக்கணக்கில் சேர்ந்த அழுக்கு இல்லை, மாதக்கணக்கில் சேர்ந்தது என்றார்.

அடுத்து அவர் ஸ்கேனரைச் செருகினார். இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். பழுது வந்தால் காரின் கணினி அதை ஒரு குறியீடாகப் பதிந்துவைக்கும். அந்தப் பழுதுக் குறியீடுகளை யாராவது அழித்தால், அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை அது தனியாக எண்ணிக்கொண்டே வரும். மீட்டரைப் போல இதுவும் ஒரு கணக்கு. ஆனால் டேஷ்போர்டில் தெரியாது, ஸ்கேனரில்தான் தெரியும். அங்கே 143 என்று இருந்தது. நான் வண்டியைக் கையில் வாங்கியபோது ஒப்படைப்புத் தாளில் எழுதிய மீட்டர் கணக்கு 84,312. ஒர்க்‌ஷாப்பில் 84,451. நான் ஓட்டியது 139 கிலோமீட்டர். மிச்சம் நான்கு. அதாவது என்னிடம் சாவி வருவதற்கு நான்கு கிலோமீட்டர் முன்பு யாரோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள். அந்த நேரம் வண்டி உங்கள் பொறுப்பில் இருந்தது. திரையின் படம், ஒப்படைப்புத் தாள், ஒர்க்‌ஷாப் மதிப்பீடு மூன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

மதிப்பீட்டுத் தொகை இது: முன் ஸ்ட்ரட் இரண்டும் 3,600 வெள்ளி, கம்ப்ரஸர் 1,450, கூலியும் உயரத்தைச் சரிசெய்வதும் 480, எண்ணெய்க் கசிவு 650. மொத்தம் 6,180 வெள்ளி.

இதைப் போனில் சொன்னபோது உங்கள் மேலாளர் மூன்று பதில் சொன்னார். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"வண்டி இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆயிருக்கு சார்." ஆகியிருக்கலாம். மூன்று வயதிலிருந்து பத்து வயது வரையுள்ள காருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை. பிரேக், விளக்கு, புகை என்று சாலையில் ஓடத் தகுதியா என்பதைத்தான் அங்கே பார்ப்பார்கள். ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்து, காலையில் எத்தனை விரல் நுழைகிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

"எங்க வாரண்டி இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும்தான்." அது நீங்களாகக் கொடுத்த வாரண்டி. அதற்கு மேல் சட்டம் இருக்கிறது. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் லெமன் சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்தும். வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், ஒப்படைத்தபோதே அந்தக் குறை இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்றால் அதை நிரூபிக்க வேண்டியது விற்றவர். எனக்குத் தெரிந்தது மூன்றாவது நாள்.

"இது தேய்மானம்." டயர் தேய்மானம், பிரேக் பேடு தேய்மானம், அவற்றுக்கு நான் ஒரு காசும் கேட்கவில்லை. ஏழு வயதுக் காரில் ஸ்ட்ரட் பழுதாவதும் இயல்புதான், ஒத்துக்கொள்கிறேன். அதை முன்பே சொல்லியிருந்தால் விலையில் பேசித் தீர்த்திருப்போம். ஆனால் மார்ச் 10 அன்று, "சஸ்பென்ஷன் எல்லாம் டிப்டாப் அண்ணே, ஒரு செலவும் கிடையாது" என்று உங்கள் விற்பனையாளர் தம்பி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. 8ஆம் தேதியே வெளி ஒர்க்‌ஷாப்பில் ஒருமுறை காட்டிவிட்டு வருகிறேன் என்று கேட்டேன். "மத்தியானம் வேற பார்ட்டி வர்றாங்க, ஆயிரம் வெள்ளி டெபாசிட் போட்டா நிறுத்தி வைக்கிறேன்" என்றார்கள். போட்ட பிறகு, வாங்காவிட்டால் அது திரும்பக் கிடைக்காது என்று தாளைக் காட்டினார்கள். ஆயிரம் வெள்ளியைக் காப்பாற்ற நினைத்து ஆறாயிரத்தில் வந்து நிற்கிறேன். இதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறதோ இல்லையோ, உங்களிடம் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

விலையில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் கடன் தர மாட்டார்கள் என்பதால் மீதியைச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினேன். கடனுக்கு முதல் தவணையும் போன வாரம் போய்விட்டது. காரோ வாரத்தில் நாலு நாள் புளோக்குக்குக் கீழே படுத்துக் கிடக்கிறது, நான் எம்ஆர்டி ரயிலில் போகிறேன்.

நான் கேட்பது இதுதான். 14 நாளுக்குள் இந்தப் பழுதுகளை உங்கள் செலவில் சரிசெய்து கொடுங்கள், அல்லது 6,180 வெள்ளியைத் தாருங்கள். நீங்களே சரிசெய்வதாக இருந்தால், மாற்றிய உதிரிப் பாகங்களின் ரசீது வேண்டும். சரிசெய்யவும் முடியாது, பணமும் தர முடியாது என்றால் விலையைக் குறைப்பதையோ வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வதையோ பற்றிப் பேச வேண்டியிருக்கும். ஏப்ரல் 21க்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்திடம் போவேன். அதிலும் தீராவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் இல்லாமல் நாம் இருவரும்தான் நேரில் பேச வேண்டியிருக்கும். இந்தக் குரல் பதிவை அங்கே போட்டுக் காட்ட எனக்கு விருப்பம் இல்லை, அந்தத் தம்பி சின்ன வயசு.

என் பேச்சில் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் ஒரு வழி இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை இரவு காரைக் கொண்டுவந்து உங்கள் கடையில் நிறுத்துகிறேன், சாவி என்னிடமே இருக்கட்டும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீங்களும் வாருங்கள். யாரும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், பானெட் குளிர்ந்திருக்கும்போது, உங்கள் விரலையே வைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
மார்ச் 15 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட வாடிக்கையாளர்