பெட்டியில் ஒரு தேதி ஒட்டுங்கள், முதலாளிமாரே

மீன்பிடித் துறைமுகங்களையும் மொத்த மீன் சந்தைகளையும் நடத்துகிற அதிகாரிமாருக்கும், அங்கே மீன் எடுத்துக் கைமாற்றுகிற முதலாளிமாருக்கும்,

வணக்கம். நான் இலங்கை மலைநாட்டில், நோர்வூட் பக்கத்தில் மூன்று தேயிலைத் தோட்டங்களுக்கு ஆட்டோவில் மீன் கொண்டுபோய் விற்கிறவன். சாதாரண நாளில் வாரத்துக்கு மூன்று தடவை, சம்பளம் போட்ட கிழமை என்றால் ஐந்து தடவையும் போவேன். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து முனையில் நின்று ஹோர்ன் அடித்தால் சட்டியோடு வருவார்கள், கடன் சொல்கிறவர்களின் பெயர் ஒரு சீஆர் கொப்பியில் ஏறும். அந்தக் கொப்பியில் இரண்டாம் பக்கத்தில் இருக்கிற ஒரு அம்மாவால்தான் இந்த மடல்.

மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவதை நிறுத்திவிட்டு பேரப்பிள்ளைகளோடு இருக்கிறவர். ஒரு நாள் அரைக் கிலோ பலயா வாங்கினார். (கரையோரத்தில் சூரை என்பார்கள், இங்கே எல்லோருக்கும் அது பலயாதான்.) மத்தியானம் அவருடைய மகன் போன் எடுத்தான். சாப்பிட்டு அரை மணித்தியாலம் ஆகவில்லை, முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரித்து, தலையைப் பிளக்கிற வலியாம். நாக்கில் மிளகு வைத்தது போலச் சுர்ரென்றதாம். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பின்னேரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் பயந்துகொண்டேதான் பார்க்கப் போனேன். திட்டுவார் என்று நினைத்தால், "வயசாகிப் போச்சு தம்பி, மீன் ஒத்துக்கல போல" என்றார். திட்டியிருந்தால்கூட அப்படிச் சுருக்கென்று இருந்திருக்காது.

ஏனென்றால் குற்றம் அவர் வயதில் இல்லை. டொக்டர் மகனுக்குச் சொல்லியிருக்கிறார், பலயா, கெலவல்லா என்கிற பெரிய சூரை, கும்பலா மாதிரி மீன்கள் செத்த பிறகு வெக்கையில் கிடந்தால் சதைக்குள் ஹிஸ்டமின் என்று ஒன்று ஊறுமாம். ஊறிவிட்டால் ஊறியதுதான். பொரித்தாலும் போகாது, புளி கரைத்து ஊற்றிக் கொதிக்க விட்டாலும் போகாது, திரும்ப ஐஸில் புதைத்தாலும் போகாது. மோசம் என்னவென்றால் மணம் காட்டிக்கொடுக்க வேண்டும் என்றில்லை. நான் அன்றைக்கும் செவுளைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து பார்த்துத்தான் எடுத்தேன்.

அப்புறம்தான் ஒரு இரவு லொறிக்காரரோடு கீழே மொத்தச் சந்தைக்குப் போனேன். எந்தச் சந்தை என்பது வேண்டாம், ஒன்றை மட்டும் குறை சொல்லி என்ன பயன். விடிய மூன்று மணிக்கு ஈரத் தரையில் வழுக்காமல் நாட்டாமிமார் தலையில் பெட்டியோடு ஓடுவதும், ஒரே நேரத்தில் பத்துப் பேர் விலை கத்துவதும் பார்க்கப் பார்க்க அலுக்காது. எங்கள் லொறிக்கு வந்த பெட்டிகளுக்கு ஐஸ் அள்ளிப் போட்டவன் இரண்டு சவல் போட்டு நிறுத்திவிட்டான். இன்னும் போடு என்றேன். சிரித்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னான்: மலைநாட்டுக்குத்தானே, அங்கே குளிர்தானே.

ஐயா, எங்கள் குளிர் எங்களுக்குத்தான் குளிர், மீனுக்கு இல்லை. நுவரெலியாவிலேயே சராசரியாகப் பதினாறு பாகை இருக்கும். மீனுக்கு வேண்டியது உருகும் ஐஸின் குளிர், பூச்சியம் பாகைக்குக் கிட்ட. அதுவும் போக, அந்த லொறி அவிசாவளையைத் தாண்டி கித்துல்கலை வரைக்கும் வேர்த்து ஊற்றுகிற வெக்கையில்தான் வருகிறது. கினிகத்தேனை ஏறிய பிறகுதான் சட்டைக்கு மேல் சுவெட்டர் போடுகிறோம். அதற்குள் பின் கதவால் ஐஸ் தண்ணீர் ஒழுகி முடிந்திருக்கும். மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்தால் இன்னும் எத்தனை மணித்தியாலம் என்று எவருக்கும் தெரியாது. வெக்கையில் நெடுந்தூரம் போகிற மீன் என்றால் கிலோவுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டிய கணக்கும் இல்லை.

ஆனால் நான் கேட்க வந்தது ஐஸ் மட்டும் இல்லை. பேருவளையில் ஒரு தடவை பலநாள் படகு இறக்குவதைப் பார்த்திருக்கிறேன். மூன்று, நான்கு வாரம் கடலில் கிடந்து வந்த படகு. நேற்றுப் பிடித்தது மேலே, முதல் கிழமை பிடித்தது அடியில். நல்ல கெலவல்லாவை வாலடியில் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்து வெளிநாட்டுக்கு என்று தனியே ஒதுக்கினார்கள். அது சரி, நாட்டுக்கு டொலர் வேண்டும். 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் நம் மீனுக்குத் தடை போட்டபோது படகுகளுக்குப் பிடித்ததை எழுதிவைக்கிற லொக் புத்தகம், செய்மதிக் கண்காணிப்பு எல்லாம் வந்து, 2016இல் தடை நீங்கியது. இன்றைக்கு ஐரோப்பாவுக்குப் போகிற மீனுக்கு எந்தப் படகு, எந்தக் கடல் என்று தாள் இருக்கிறது. அதே படகின் அடித்தட்டிலிருந்து எங்கள் பக்கத்துப் பொகவந்தலாவைக்கு வருகிற பலயாவுக்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. செய்யத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பெட்டியில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். துறைமுகத்தின் பெயர், இறக்கிய தேதி, எத்தனை நாள் பயணம், அவ்வளவு போதும். பழைய மீன் என்று தெரிந்தால் நான் குறைத்து விலை கேட்பேன் என்று உங்களுக்குப் பயம் இருக்கும். கேட்கத்தான் செய்வேன். தோட்டத்தில் நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவுக்கு வந்ததே 2024இல்தான், அந்த மாதிரிச் சம்பளத்தில் மீனுக்குக் காசு ஒதுக்குகிற வீட்டுக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரிய வேண்டாமா?

பக்கத்திலேயே காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் இருக்கிறதே, திலாப்பியா விற்கலாமே என்பீர்கள். விற்கிறேன். காலையில் வலையில் எடுத்தது பத்து மணிக்குச் சட்டியில் இருக்கும். ஆனாலும் சம்பள நாளில் கடல் மீன்தான் கேட்கிறார்கள், நான் என்ன செய்ய.

அந்த அம்மா இப்போது கட்டாக் கருவாடு நூறு கிராம்தான் வாங்குகிறார். போன கிழமை பலயாப் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "இது எப்ப வந்தது தம்பி?" என்று கேட்டார். இன்றைக்குத்தான் அம்மா என்றேன். லொறி வந்தது இன்றைக்குத்தான்.

இப்படிக்கு,
நோர்வூட் பக்கத்து மீன்காரன்