காலண்டரில் வந்த நாரை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி தேவலை என்று படித்ததும் நிம்மதி. திருவிழாவில் நீ எடுத்த தேர்ப் படங்களை ஒரு நகைக்கடை சும்மா கேட்கிறது, மறுத்தால் முகம் கோணிவிடுமே என்று எழுதியிருந்தாய். அவர்களிடம் ஒரு கிராம் சும்மா கேட்டுப் பாரேன், முகம் எப்படிக் கோணுகிறது என்று!

நானும் சூடு பட்டவன்தான். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் நாலு நாள் விடியலில் கொசுக்கடியோடு உட்கார்ந்து எடுத்த படம் நினைவிருக்கிறதா? உச்சி வெயிலுக்குக் குஞ்சுகள்மேல் சிறகை விரித்து நிற்கும் மஞ்சமூக்கு நாரை. ஒருவர் போனில் கேட்டார். "பேர் போடுறோம் சார், உங்களுக்கும் விளம்பரம்" என்றார். சரி, எடுத்துக்கோங்க என்றேன். அப்புறம் ஒரு நாள் டீக்கடைச் சுவரில், ஒரு காலண்டரில், என் நாரை தொங்குகிறது. வாலையும் மூலையில் இருந்த என் பெயரையும் சேர்த்தே வெட்டிவிட்டு, கீழே யாரோ ஒரு அரிசி மண்டிக்காரர் பெயர்! அந்தக் காலண்டருக்குத் தாள்காரர், அச்சகத்தார், டிசைன் செய்த பையன், எல்லாருக்கும் காசு போயிருக்கிறது. என்னைத் தவிர.

அப்போதுதான் வக்கீல் மச்சானிடம் போய் உட்கார்ந்தேன். 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீயாக எடுத்த படம் எடுத்த கணத்திலேயே உன்னுடையது. பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அவருடையது. ஆகவே தேர்ப் படம் உன் இஷ்டம். கல்யாணப் படம் எதையும் நகைக்கடைக்கு நீட்டிவிடாதே. அனுமதி கொடுப்பதை எழுத்தில் கொடு. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுக்க.

அமெரிக்காவில் கேரல் ஹைஸ்மித் என்ற அம்மா கதை இதைவிட வேடிக்கை. ஆயிரக்கணக்கான படங்களை அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்து, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டவர். கடைசியில் அவர் எடுத்த படத்தை அவர் தளத்திலேயே போட்டதற்கு 120 டாலர் கட்டச் சொல்லி, படம் விற்கும் நிறுவனம் ஒன்றின் சார்பில் ஒரு கடிதம் வந்தது. 2016இல் வழக்குப் போட்டார். பொதுவில் விட்டவை என்பதால் வழக்கின் முக்கியப் பகுதி தள்ளுபடி.

அதற்காகக் கையை மூடிக்கொள் என்று சொல்லவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அதே நாரையை நானே பிரிண்ட் போட்டு, பிரேமும் அடித்துக் கொடுத்தேன். ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகள் கேட்டாலும் தருகிறேன். மற்றவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்பேன்: "இந்த வேலையில் வேறு யாருக்காவது சம்பளம் உண்டா?" பாதிப் பேர் அதோடு பேச்சை மாற்றிவிடுவார்கள். மீதிப் பேருக்கு இரண்டு வரி: "இந்த ஒரு படம், இந்த ஒரு வேலைக்கு, ஒரு வருடத்துக்கு. பெயர் போட வேண்டும். வெட்டக் கூடாது, வேறு யாருக்கும் தரக் கூடாது." தொகையையும் அதிலேயே எழுதிவிடுகிறேன். முதல் தடவை கை கூசியது. இப்போது இல்லை.

அந்தக் காலண்டரை டீக்கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வந்தேன், வழக்குக்கு உதவும் என்று. வழக்கும் போடவில்லை, ஒன்றும் போடவில்லை. உன் தங்கச்சி அதை அடுப்படியில் மாட்டிப் பால் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள்.

நகைக்கடைக்கு என்ன எழுதினாய் என்று சொல்.

அன்புடன்,
வேலு